பிசாதா 'இல்லை' என்று சொன்ன நாள்

கெய்ரோவின் ஷுப்ராவில் எங்கள் தெருவில் ஏதாவது உடைந்தால், யார் உடைத்தது என்று யாரும் தேடுவதில்லை. நேராக பிசாதாவிடம் போய்ச் சொல்வார்கள். அவர் உடனே குனிந்து, நெற்றி தரையில் படும்படி விழுந்து, "பாவம் செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க" என்பார். விஷயம் முடிந்துவிடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் முப்பது வருடம் குடியிருந்தவள் நான். ஞாயிறு ஆராதனையில் மைக் கரகரத்தாலும், கோபுரத்துக்குள் புறா புகுந்து பாடகர்கள் மேல் எச்சம் போட்டாலும் மன்னிப்புக் கேட்டவர் அவர்தான். ஒரு தடவை பந்து பட்டு தேவாலயத்தின் பச்சை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உடைத்த பிள்ளைகள் ஓடக்கூட இல்லை. "அம்மு பிசாதாகிட்ட சொல்லிடுங்கடா, அவர் விழுந்துடுவார்" என்று ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அம்மு என்றால் எங்களுக்குச் சித்தப்பா மாதிரி. ஒரு கோடையில் ஷுப்ரா முழுக்க மின்சாரம் போனபோது யாரோ கேலியாக, "அம்மு, இதுவும் நீங்கதானா?" என்று கேட்க, இருட்டில் அவர் குனிகிற சத்தம் கேட்டது.

அவர் எங்கள் தேவாலயத்தில் குர்பான் சுடுகிறவர். பலிபீடத்தில் வைக்கிற அந்த வட்ட ரொட்டியைச் சுடும் அறைக்கு எங்கள் ஆட்கள் பெத்லகேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிசாதா விடியற்காலையில் அங்கே போய், சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே மாவு பிசைவார். உப்பு கிடையாது, மாவு, தண்ணீர், புளித்த மாவு, அவ்வளவுதான். மரமுத்திரையை அழுத்திச் சிலுவைகளைப் பதித்து, குச்சியால் ஐந்து துளை போட்டு அடுப்பில் வைப்பார். முடிந்ததும் கேஸ் வால்வை மூடிவிட்டு, அதன் மேல் விரலால் ஒரு சிலுவை வரைவார். ஒரு நாளும் இந்த வரிசை மாறியதில்லை.

அவர் எப்படி இப்படி ஆனார் என்பதை அவரே எனக்குச் சொன்னார். மல்லவிப் பக்கத்து ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் கெய்ரோவுக்கு வந்து, ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் சேர்ந்திருக்கிறார். அப்போது அவர் வேறு ஆள். வாயும் கையும் ஒன்றாக நீளும். இருபத்து மூன்று வயதில் ஒரு காலை, நாற்பது தட்டு ரொட்டி கருகிப் போனது. "நீதான் மறந்துட்டே" என்றான் கூட வேலை பார்த்த ஸாபெர். "நானா? என்னையா சொல்றே?" என்று பிசாதா விட்ட குத்தில் ஸாபெரின் முன்பல் போனது. மாலையில் எல்லாம் அடங்கியபின்தான் அவருக்கு நினைவு வந்ததாம்: அந்தத் தட்டுகளை அடுப்பில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனது அவரேதான்.

"அப்லா, அந்தப் பல்லை நானே தரையில இருந்து பொறுக்கி அவன் கையில குடுத்தேன்" என்றார் என்னிடம். நான் கணக்கு டீச்சர் என்பதால் தெருவே என்னை அப்லா கலீலா என்றுதான் கூப்பிடும். "அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே எனக்காக நான் வாய் திறக்கறதில்ல. என் வாய்க்கு நான் யாருன்னே தெரியல."

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி இன்சாஃப். நியாயம் என்று அர்த்தம் வரும் பெயர். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நன்றாகத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். தெருமுனையில் ஊறுகாய்க் கடை. பீட்ரூட் போட்டுச் சிவந்த டர்னிப்பும் எலுமிச்சையும் ஆலிவும் பெரிய ஜாடிகளில் நிற்க, நடுவில் இன்சாஃப் நிற்பாள். தராசு முள் ஒரு மயிரிழை ஆடினால் போதும், வாங்குகிறவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் தன் பக்க வாதத்தை முடித்திருப்பாள்.

அவர்கள் சந்தித்ததே ஒரு ஜாடி உடைந்ததால்தான். ஊறுகாய் வாங்க வந்த பிசாதாவின் காலடியில், அவள் முழங்கை பட்டு ஒரு ஜாடி விழுந்து நொறுங்கியது. அவள் சண்டைக்கு வாயைத் திறந்தபோது எதிரே ஆளைக் காணோம். கீழே பார்த்தால், எலுமிச்சைத் தண்ணீரில் மண்டியிட்டு, "பாவம் செஞ்சுட்டேன், மன்னிச்சிடு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு மனுசா! ஜாடியை உடைச்சது நான்!"

"இருக்கட்டும், மன்னிச்சிடு."

"இந்த ஆளை இந்த ஊரு மென்னு தின்னுடும்" என்று அன்று இரவே அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான்கு மாதத்தில் கல்யாணம். அதன்பின் அவர் விழுவதும், அவள் பின்னாலேயே வந்து, "அவர் விழுந்தா விழட்டும், ஆனா தப்பு அவரோடது இல்ல!" என்று கத்துவதும் எங்கள் தெருவின் வழக்கமாகிவிட்டது.

இன்சாஃப் கடவுளிடமும் அப்படித்தான். பாவசங்கீர்த்தனம் செய்ய அபூனாவிடம், அதாவது பாதிரியாரிடம், போனால் அரைமணி நேரம் ஆகும். வரிசையில் நிற்கிற எங்களுக்குக் கால் கடுக்கும். "நான் கோபப்பட்டேன் அபூனா, ஆனா அவ என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்தால், தெருவில் உள்ள எல்லோருடைய பாவமும் வெளியே வந்துவிடும், அவளுடையது மட்டும் வராது.

இப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடியது. பிசாதாவுக்கு ஐம்பத்தாறு வயதான வருடம், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில்தான் கேஸ் வாடை வர ஆரம்பித்தது.

முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆராதனைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். தேவாலயக் கமிட்டியின் தலைவர் நசீஃப் வந்து நின்றார். அவர் இஞ்சினியர், எங்கள் ஊர் மரியாதைப்படி எல்லோரும் பாஷ்முஹந்திஸ் என்று அழைப்போம். பெரிய தொப்பை, பெரிய குரல், தேவாலயத்தில் ஒரு ஆணி அடிப்பதானாலும் தானே வந்து அடிக்கிற நல்ல மனிதர். அந்த அடுப்புக்குக் கேஸ் இணைப்பு கொடுத்ததும் அவர்தான்.

"பிசாதா! வால்வைத் திறந்து போட்டுட்டுப் போனியா?"

"மறந்திருப்பேன் பாஷ்முஹந்திஸ். பாவம் செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க."

நெற்றி தரையில் பட்டது. ஜன்னலைத் திறந்தோம், வாடை போயிற்று. அடுத்த வாரமும் அதே வாடை, அதே கேள்வி, அதே நெற்றி. இன்சாஃப் மட்டும் கத்தினாள்: "வால்வுல சிலுவை போடாம இவர் வீட்டுக்கு வந்ததே இல்ல! வேற என்னமோ கோளாறு, பாருங்க!" யாரும் பார்க்கவில்லை. அவரே ஒத்துக்கொண்ட பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

மூன்றாவது வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தில், வாசற்காவல்காரர் அர்மானியுஸ் டீ போடலாம் என்று பெத்லகேமுக்குள் போய் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார்.

பொஃப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அர்மானியுஸ் வாசற்படியில் முழுசாக உட்கார்ந்திருந்தார். தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. புருவம் இரண்டும் இல்லை. மீசையில் வலது பாதி இல்லை. அந்த மீசை சாதாரண மீசையா? சொந்த ஊர் சோஹாகிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து. நுனியை முறுக்கிவிட்டுத்தான் வாசல் கதவையே திறப்பார். அவர் கையால் தடவிப் பார்த்தார். இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் இல்லை. "ஐயோ, என் அப்பன் எனக்குக் குடுத்த மீசை!" என்று அவர் போட்ட ஓலத்தில், உயிர் தப்பியதற்காக அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

சிரிக்காதவர் பிசாதா ஒருவர். விழவும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்று அர்மானியுஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்!" என்றார் நசீஃப். "இன்னைக்கு மீசை போச்சு, நாளைக்கு உயிர் போகும். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும். இனிமே அடுப்புக்கு வேற ஆள்."

மறுநாள் காலையில் பிசாதா பாதிரியாரைப் பார்க்கப் போனார். அபூனா பக்கோம் எங்களுக்குப் புதியவர், முப்பத்து மூன்று வயது. தாடி இன்னும் முழுசாக நிரம்பவில்லை. அன்று நடந்த பேச்சை பிசாதா பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால் எனக்கு வரிவரியாகத் தெரியும்.

"அபூனா, நான் பாவி."

"தெரியும். நானும்தான். மேல சொல்லுங்க."

"அர்மானியுஸ் செத்திருந்தா கொன்னது நான்."

"வால்வை மூடினீங்களா, இல்லையா?"

பிசாதா தயங்கினார். "மூடினேன்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். சிலுவையும் போட்டேன்."

"அப்புறம் ஏன் மறந்திருப்பேன்னு சொன்னீங்க?"

"தாழ்மையா இருக்கணும்னு…"

"நீங்க மண்டி போட்டது தாழ்மை. அதுல ஒரு குறையும் இல்ல. ஆண்டவர் முன்னாடி நம்ம எல்லாருக்கும் விழ ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா மூடின வால்வைத் திறந்திருந்ததுன்னு சொன்னது தாழ்மை இல்ல அம்மு, பொய். நீங்க மூடினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல் வாரமே கேஸ் டியூப்பைப் பார்த்திருப்பாங்க. அர்மானியுஸ் மீசை முழுசா இருந்திருக்கும்."

பிசாதா மறுபடி குனியப் போனார். அபூனா மெதுவாகக் கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுந்திருக்கும்போது ஜனங்க, 'பாரு, பிசாதா எவ்வளவு தாழ்மையானவர்'னு சொல்லுவாங்கல்ல, அது எப்படி இருக்கும்?"

"தேன் மாதிரி இருக்கும் அபூனா" என்றார் பிசாதா. சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்து போனார். பிறகு சிரித்தார். முப்பத்து மூன்று வருடத்தில் தன்னைப் பற்றி அவர் கண்டுபிடித்த முதல் புது விஷயம் அது.

ஆனாலும் ஒரு பயம் மிச்சமிருந்தது. "நான் பேசினா பாஷ்முஹந்திஸ் தலைகுனிய வேண்டி வருமே. டியூப் அவர் மாட்டினது."

"குனியட்டுமே! குனியறது ஆத்துமாவுக்கு நல்லதுன்னு இத்தனை வருசமா செஞ்சு காட்டினவர் நீங்கதானே? அந்தப் பாக்கியம் அவருக்கு மட்டும் கிடைக்கக் கூடாதா?"

கதவுக்கு வெளியே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். "உள்ள வாம்மா இன்சாஃப்" என்றார் அபூனா.

"நான் ஒட்டுக் கேக்கல அபூனா! சும்மா இந்தப் பக்கமா வந்தேன், கதவு என் காதுகிட்ட இருந்துச்சு!"

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் குறிப்பு எழுதுகிறவள் நான். இன்சாஃப் கமிட்டியில் இல்லை. ஆனால் ஒரு ஜாடி ஊறுகாயோடு வந்து, "உங்களுக்கெல்லாம் பசிக்குமேன்னு" என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று அபூனா சொல்ல, தலைமுண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

நசீஃப் எழுந்து மூன்று சம்பவங்களையும் தேதியோடு சொன்னார். "பிசாதா நல்ல மனுசன். ஆனா வயசாயிடுச்சு, மறதி. அவரே ரெண்டு தடவை ஒத்துக்கிட்டார்." அர்மானியுஸ் மிச்சமிருந்த பாதியையும் சிரைத்துவிட்டு, அடையாளமே தெரியாத முகத்தோடு ஓரமாக நின்றார்.

"என்ன சொல்றீங்க அம்மு?" என்றார் அபூனா.

பிசாதா எழுந்தார். குனிந்தார். நெற்றி தரையில் பட்டது. "பாவம் செஞ்சுட்டேன், எல்லாரும் மன்னிச்சிடுங்க." சரி, வழக்கம்போல முடிந்தது என்று நான் பேனாவை மூடப் போனேன். கடைசி நாற்காலியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

பிசாதா எழுந்து நின்றார்.

"ஆனா நான் வால்வைத் திறந்து போட்டேனான்னு கேட்டா…" நசீஃபை நேராகப் பார்த்தார். "இல்ல."

நான் பேனாவை மறுபடி தாளில் வைத்தேன்.

"இல்ல. மூடினேன். மூணு தடவையும் மூடினேன். மறந்துட்டேன்னு சொன்னதுதான் என் பாவம். அதுக்குத்தான் இப்ப விழுந்தேன்."

அந்தக் கணத்தில் தலைமுண்டு வாயிலிருந்து விழ, இன்சாஃப் குலவை போட்டாள் பாருங்கள்! கல்யாண வீட்டில், முதல் பிள்ளை பிறந்த வீட்டில் போடுகிற குலவை. அறை அதிர்ந்தது. கீழே தெருவில் போன இரண்டு பெண்கள் என்ன நல்ல செய்தி என்று தெரியாமலேயே பதில் குலவை போட்டார்கள்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?" என்றார் நசீஃப், முகம் சிவந்து.

"இல்ல பாஷ்முஹந்திஸ். நீங்க பார்க்கல. பார்க்க விடாம குறுக்கே விழுந்தது நான். வாங்க, இப்பப் பார்ப்போம். டியூப்புல சோப்புத் தண்ணி ஊத்திப் பார்ப்போம்."

கூட்டமாகப் பெத்லகேமுக்குப் போனோம். நசீஃப் தானே சோப்பைக் கரைத்தார். அவருடைய நேர்மையில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. வால்வுக்கு மேலே தடவினார், ஒன்றுமில்லை. அவரே இணைத்திருந்த டியூப்பின் வளைவில் தடவினார். ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு திராட்சைக் குலை மாதிரி கொத்தாக. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில், டியூப்பிலேயே கசிவு. அடுப்புப் பக்கத்து வால்வை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

நசீஃப் குமிழிகளைத் துடைத்துவிட்டு டியூப்பைக் கையில் பிடித்தார். "இது என் வீட்டுச் சமையலறையில இருந்த பழைய டியூப்" என்றார் மெதுவாக. "புதுசு எதுக்கு, இதுவே போதும்னு நான்தான் மாட்டினேன்."

அந்த இடத்தில் ஒரு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஒரு கையை மாவு மேஜையில் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக மனிதர்கள் முன்னால் மண்டியிட்டார். "பிசாதா, மன்னிச்சிடு."

பிசாதாவும் சட்டென்று எதிரே விழுந்தார். "நீங்களும் என்னை மன்னிச்சிடுங்க."

"என் மீசைகிட்ட யாருய்யா மன்னிப்புக் கேக்கறது?" என்றார் அர்மானியுஸ். இரண்டு பேரும் மண்டியிட்டபடியே அவர் பக்கம் திரும்பி இன்னொரு தடவை குனிந்தார்கள். அவர் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, சரி, வளரும்" என்றார்.

பிசாதா எழுந்துவிட்டார். நசீஃபால் முடியவில்லை. தொப்பை ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். இன்சாஃப்தான் போய்த் தோளைப் பிடித்தாள்.

"மெதுவா, மெதுவா பாஷ்முஹந்திஸ், இடுப்பு பத்திரம்! முதல் தடவை அப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க, வித்தையெல்லாம் சொல்லித் தருவாரு."

அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அபூனாவும் சேர்ந்து மூன்று பேராகத் தூக்கினோம். ஊறுகாய் ஜாடி அன்று காலியாகிவிட்டது. குறிப்பேட்டில் நான், "புது டியூப் வாங்கத் தீர்மானம். அடுப்பு பிசாதாவிடமே" என்று மட்டும் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை இன்சாஃப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நாங்கள் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து கால் மாற்றிக்கொள்ளத் தயாரானோம். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தாள். கண் ஈரமாக இருந்தது.

"என்ன ஆச்சு? அபூனா திட்டிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல அப்லா. இந்தத் தடவை என் கதையை மட்டும் சொன்னேன். அவ இவன்னு யாரையும் இழுக்கல." மூக்கைத் துடைத்தாள். "ரொம்பச் சின்னதா இருக்கு. ஆனா கனமா இருக்கு." பிறகு சுதாரித்துக்கொண்டு, "கடையில வேற மாதிரிதான், தெரிஞ்சுக்கோ. தராசைப் பத்திப் பேசினா விடமாட்டேன்" என்றாள்.

ஈஸ்டர் வந்தது. ஐம்பத்தைந்து நாள் நோன்பு முடிந்து, மறுநாள் வசந்தத் திருநாள். கெய்ரோ முழுக்க நைல் கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நாங்களும் பிசாதா வீட்டாரும் ஒரு படகு எடுத்தோம். சாயம் பூசிய முட்டைகள், பச்சை வெங்காயம், உப்பில் ஊறி மணக்கிற ஃபெஸீஹ் மீன். இன்சாஃப் மீனைப் பிரித்து, ஒரு எலுமிச்சையை எடுத்துப் பிழியப் போனாள்.

"ஒண்ணு போதாது" என்றார் பிசாதா.

அவள் நிமிர்ந்தாள். "என்ன?"

"இந்த மீனுக்கு ரெண்டு எலுமிச்சை வேணும். ஒண்ணு போட்டா உப்பு நாக்கை அறுக்கும்."

"நான் ஊறுகாய்க்காரி! எனக்கு உப்பைப் பத்திச் சொல்றியா?"

"நான் திங்கறவன். எனக்கும் நாக்கு இருக்கு. போன வருசமும் ஒண்ணுதான் போட்ட, ராத்திரி பூரா தண்ணி குடிச்சேன். வாய் திறக்கல. இப்பத் திறக்கறேன். ரெண்டு!"

"ஒண்ணு!"

"ரெண்டு!"

படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். இன்சாஃபின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. எழுந்து நின்றாள். படகு ஆடியது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, கரையில் இருந்தவர்களுக்கும் பக்கத்துப் படகுகளில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"கேளுங்க ஜனங்களே! இருபத்தெட்டு வருசம் கழிச்சு என் வீட்டுக்காரர் என்கூட சண்டை போடறாரு!"

பக்கத்துப் படகிலிருந்து யாரோ கைதட்டினார்கள். இன்சாஃப் உட்கார்ந்து, பையில் கையை விட்டு இரண்டாவது எலுமிச்சையை எடுத்து, மூன்றாவதையும் எடுத்து, அவர் தட்டில் பிழிந்தாள்.